பதினொரு வயதுவரை பட்டியல் இல்லை

"எல்லாப் பிள்ளையளுக்கும் மெடல் குடுத்தா, பிறகு ஏன் ஓடப்போகுதுகள்?" எங்கள் தமிழர் விளையாட்டுப் போட்டிக்கான கூட்டமொன்றில் பெரியவர் ஒருவர் கேட்டார். நோர்வேயில் வளரும் பிள்ளைகளுக்குத் தோற்கத் தெரியாது, ஆகவே வெல்லவும் தெரியாது என்றார். பாதிப்பேர் தலையாட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

வெல்லத் தெரியாத நாடா இது? ஏறத்தாழ 55 இலட்சம் பேர் மட்டுமே வாழும் நோர்வே 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் எடுத்தது. அதற்குமுன் எந்த நாடும் ஒரு குளிர்கால ஒலிம்பிக்கில் அத்தனை எடுத்ததில்லை. அந்த வீரர்களில் பெரும்பாலானோர், நாட்டின் விளையாட்டுச் சம்மேளனம் 1987இல் கொண்டுவந்த சிறுவர் விளையாட்டு விதிகளின் கீழ் வளர்ந்தவர்கள். பிள்ளைக்கு 11 வயதாகும் ஆண்டுவரை முடிவுப் பட்டியலோ புள்ளி அட்டவணையோ தரவரிசையோ கிடையாது. பரிசு கொடுப்பதென்றால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். சிறுவர் உதைபந்தாட்டத்தில் ஓரணி நான்கு கோலால் முந்திவிட்டால், மற்ற அணி இன்னொரு பிள்ளையை மேலதிகமாக இறக்கலாம். ஆட்டம் திரும்ப ஆட்டமாகிவிடும். வெளியே நின்ற பிள்ளைக்கும் கால் நனையும்.

பிள்ளைகள் கோல் எண்ணாமல் விடுவதில்லை. ஆறு வயதுப் பிள்ளையைக் கேளுங்கள், யார் எத்தனை அடித்தது என்று பிசகாமல் சொல்லும். தோல்வியை அது அறியும், ஐந்து நிமிடத்தில் மறந்தும்விடும். மறக்காதவர்கள் கோட்டுக்கு வெளியே நிற்கும் நாங்கள். இந்த விதி பிள்ளையைத் தோல்வியிடமிருந்து காப்பதற்கல்ல. தகப்பனின் கைக்குப் பட்டியல் போகாமல் காப்பதற்கு.

இலங்கையில், எங்கள் ஊரில், பட்டியல் என்ன செய்கிறது? ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்ததும் பத்து வயதுப் பிள்ளையின் படம் புள்ளிகளோடு மதிலில் தொங்குகிறது. வெட்டுப்புள்ளிக்குக் கீழே போன பிள்ளை அந்த மதிலைக் கடந்துதான் பள்ளிக்குப் போக வேண்டும். நோர்வேயில் எட்டாம் வகுப்புக்கு முன் பாடசாலையில்கூடத் தரப்புள்ளி இல்லை.

ஆனால் ஊரில் எங்கள் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியை யாரும் குறைசொல்ல நான் விடமாட்டேன். ஓட முடியாத பிள்ளை இல்ல அலங்காரத்துக்குத் தென்னோலை பின்னும். அணிநடையில் கொடி பிடிக்கும். அதற்கும் இல்லத்துக்குப் புள்ளி உண்டு. பழைய மாணவர் ஓட்டத்தில் தொந்தியோடு மாமாமார் ஓடுவார்கள். தோற்றால் இல்லமே தோற்கும், ஒரு பிள்ளை தனியே நின்று தோற்காது. சப்பாத்து இல்லாவிட்டால் வெறுங்காலோடு ஓடலாம். காசு கேட்க ஆளில்லை.

இங்கே காசு கேட்கிறார்கள். கழக அங்கத்துவம், பயிற்சிக் கட்டணம், சீருடை, சுற்றுப்போட்டிக்குப் போகும் செலவு. பனிச்சறுக்குப் பலகையை 'பூவா' நிலையங்களில் இலவசமாக இரவல் வாங்கலாம், அது நல்ல ஏற்பாடு. கட்டணத்தை எங்கே இரவல் வாங்குவது? இரவில் துப்புரவு வேலைக்குப் போகும் தாய் மூன்று பிள்ளைகளில் ஒன்றைத்தான் சேர்க்கிறாள், அதுவும் பெரும்பாலும் மகனை. 11 வயதுவரை பட்டியல் கூடாதென்று விதி எழுதத் தெரிந்த சம்மேளனம், அதே வயதுவரை கட்டணமும் கூடாதென்று எழுதட்டும்.