துளித்துளியாய் ஒரு லிங்கம்

அரியலூர் வங்கிக் கிளையில் பணியாற்றிய காலத்தில், சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளுக்கு நான் கையெழுத்திட்டு வழங்கிய கடன்கள் ஏராளம். ஆதிகாலக் கடல் விட்டுச்சென்ற அக்கல்லில் சிப்பிகள் பதிந்திருக்கும்; எனக்கோ அது வெறும் டன் கணக்கு.

சென்ற கார்த்திகையில் சிம்மாசலம் நரசிம்மரைச் சேவித்துவிட்டு, அனந்தகிரி மலையிலுள்ள போரா குகைக்கு மனைவியுடன் சென்றேன். மேய வந்த பசு துவாரத்தின் வழியே உள்ளே விழ, தேடிவந்த இடையன் லிங்கத்தைக் கண்டான் என்பது அங்கு வழங்கும் கதை. சுமார் 80 மீட்டர் ஆழம். முழங்கால் வலியால் படிகளில் நான் தயங்கவே, வழிகாட்டி இளைஞர் கைகொடுத்தார்.

"மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்து இறங்கும், சார். சொட்டும் இடத்தில் அது படிந்து வளரும். லிங்கமும் அப்படித்தான்" என்றார், கைவிளக்கைக் காட்டி.

"அப்படியானால் இது சுயம்பு இல்லையா?" மனைவியின் குரல் கம்மியது.

"யாரும் செதுக்கவில்லையே, அம்மா!"

அவள் முகம் மலர்ந்தது. விரலளவு வளர எத்தனை காலம் என்று நான் கேட்டேன். பல நூறு ஆண்டுகளாம். வங்கிக்காரன் புத்தி, உடனே லாரிக் கணக்கைப் போடத் தொடங்கியது, பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஊர் திரும்பியதும் கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாளைச் சேவிக்கப் போனோம். அங்கும் மூலவர் உருவச்சிலையன்று, கற்கம்பமே. எதிரே வந்த லாரிகளில் என் கையெழுத்தில் வாங்கியது ஏதும் இருக்குமோ என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.