சமாளிக்கிறது வேற, திருத்துறது வேற

2024 ஆவணியில ஒரு நாள், விடிய நாலரை மணியிருக்கும். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில, விசுவமடு தாண்டின இடத்தில, அப்பாவின் பட்டாவை ஒரு உழவு இயந்திரம் பின்னால வந்து இடிச்சது. கட்டாக்காலி மாடு ஒண்டு குறுக்க வந்ததால அப்பா சடுதியா பிரேக் அடிச்சிருக்கிறார். மாடு தப்பிட்டுது. அப்பாவும் தப்பிட்டார். இடிச்ச தம்பிக்கு முழங்கையில ஒரு உரசல். பட்டாவின் பின்பெட்டிதான் மிஞ்சேல்ல.

பட்டா எண்டால் எங்கட பக்கத்தில எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாட்டு ஆக்கள் குட்டி யானை எண்டு சொல்லுற அதே டாட்டா ஏஸ். 2005 இல் இந்தியாவில விற்பனைக்கு வந்தது. சாரதி இருக்கைக்குக் கீழ 702 சிசி டீசல் இயந்திரம், ரெண்டே ரெண்டு சிலிண்டர். அப்பா அதில முல்லைத்தீவுக் கரைக்குப் போய் மீன் ஏத்திக்கொண்டு வந்து தருமபுரத்திலயும் கிளிநொச்சியிலயும் குடுக்கிறவர். நானும் தம்பியும் படிச்சது அந்த மீனில.

விடிஞ்ச பிறகு போய்ப் பாத்தன். பின்கதவு மடிஞ்சு உள்ளுக்க போயிருந்தது. ஆனா இடி மட்டும் அந்தக் கோலத்துக்குக் காரணமில்லை. பெட்டித் தளத்தைக் கையால அமத்த, கறள் பிடிச்ச தகரம் அப்பளம் மாதிரி உடைஞ்சுது. ஐஸ் கரைஞ்ச தண்ணியும் மீன்தண்ணியும் உப்பும் எத்தினை வருசம்! தகரம் தேயக்கூடாது எண்டு அப்பா தளத்தில றப்பர் விரிப்புப் போட்டு வைச்சிருந்தவர். அந்த விரிப்புத்தான் உப்புத்தண்ணியைக் காயவிடாமப் பிடிச்சு வைச்சிருந்திருக்கு. காப்பாத்தப் போட்டதே தின்னிருக்கு.

இந்த இடத்தில என்னைப் பற்றி ஒண்டு சொல்லோணும். நான் வேலை செய்யிறது கிளிநொச்சியில ஒரு நிதி நிறுவனத்தில. லீசிங் பகுதி. அதால எனக்கு உடன வந்த யோசினை, “இதைக் குடுத்துப்போட்டு வேற ஒண்டு எடுப்பம்” எண்டதுதான். பேப்பரில கணக்கும் போட்டன். 2020 மார்ச்சில நிப்பாட்டின வாகன இறக்குமதி அப்பவும் முழுசாத் திறபடேல்ல. பாவிச்ச வாகனமே யானை விலை. மாசக் கட்டுப்பணம் அப்பா உழைக்கிறதில அரைவாசிக்கு மேல வந்துது.

அப்பா பேப்பரைப் பாக்கவே இல்லை. “லீசிங் எடுத்தா வாகனம் எனக்காக ஓடாது பிள்ளை. நான்தான் வாகனத்துக்காக ஓடோணும்.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனா மூண்டு மாசம் கட்டாட்டி என்ன கடிதம் போகும் எண்டு எனக்குத்தான் தெரியும். அந்தக் கடிதத்தை அடிக்கிறதே நான். எங்கட ஒழுங்கையிலயே ஒரு வீட்டு வாகனத்தை ஆக்கள் வந்து கொண்டுபோனதை நாங்கள் எல்லாரும் வேலிக்கு மேலால பாத்தனாங்கள். அதுக்குப் பிறகு நான் கணக்குக் கதைக்கேல்ல.

“பெட்டிதானே போனது. வண்டி இருக்குத்தானே” எண்டார் அப்பா. வவுனியாவில பழைய வாகனச் சாமான் விக்கிற இடமொண்டில, உடைச்ச பட்டா ஒண்டின் பெட்டி கிடைச்சது. கிளிநொச்சிக்கு வாற லொறியொண்டில ஏத்திவிட்டாங்கள். அங்கயிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்தது இடிச்ச தம்பி. அவனிட்ட நட்டஈடு குடுக்கக் காசில்லை, உழவு இயந்திரம் இருந்தது. அப்பாவும் பொலிசுக்குப் போகேல்ல. ரெண்டு பேரும் அப்பிடித்தான் கணக்கை முடிச்சவை.

வேலையை வீட்டு முத்தத்தில துவங்கினம். முதல்நாள் பின்னேரமே பெட்டியைச் செசியோட பிடிக்கிற போல்ட் எல்லாத்துக்கும் மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து ஊத்தி ஊறவிட்டாச்சு. அடுத்தநாள் முதல் வேலை பற்றரி வயரைக் கழட்டினது. பிறகு பின்லைட் வயர்கள். எது எதோட போகுது எண்டு நான் போனில படம் எடுத்து, ஒவ்வொண்டிலயும் நிற நூல் கட்டினன். “உது நல்ல யோசினை” எண்டார் அப்பா. அவர் என்னைப் புகழுறது குறைவு, அதால ஞாபகமிருக்கு.

போல்டுகளில பாதி ஸ்பனருக்கு அசைஞ்சு குடுத்தது. மிச்சம் தலை வழுக்கிப்போச்சு. அதுகளைக் கிறைண்டரால அறுக்கோணும். பொறி பறக்கும் எண்டு முதல் டீசல் ராங்கைக் கழட்டித் தூரக் கொண்டுபோய் வைச்சம். அறுக்கிறது நான் எண்டு சொல்ல, அம்மா “பொம்பிளைப் பிள்ளை, கண்ணில பட்டா?” எண்டா. ஆம்பிளைப் பிள்ளைக்கும் கண் ரெண்டுதானே அம்மா எண்டு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்திட்டன்.

பெட்டியைத் தூக்க முத்தத்துப் பாலை மரத்தில செயின் புளொக் கட்டினம். பாலைக் கொப்பு இலேசில முறியாது. கொஞ்சம் உயர்ந்தவுடன பட்டாவை முன்னுக்குத் தள்ளி வெளிய எடுத்தம். அப்பா நிலத்தில பனங்குத்தி நாலைக் குறுக்க அடுக்க, பெட்டி அதில இறங்கிச்சுது. குத்தி அடுக்கின வேகத்தைப் பாத்து அம்மா சொன்னா: “பங்கர் மூடின கையெல்லோ.”

பெட்டியில்லாத பட்டாவை அண்டைக்குத்தான் முதல் தரம் பாத்தன். முன்னால ஒரு முகம், பின்னால ரெண்டு நீட்டு இரும்பும் வில்லுத்தகடும் மட்டும். தண்ணி அடிச்சுக் கம்பித் தும்பால தேய்க்கேக்க, பின் வில்லுத்தகடு செசியில பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில மயிர் மாதிரி ஒரு கோடு. கீறலா வெடிப்பா எண்டு விளங்கேல்ல.

அதுக்கு அப்பாட்ட ஒரு வழி இருந்தது. அந்த இடத்தில மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்சநேரம் விட்டார். பிறகு சீலையால நல்லாத் துடைச்சு, சாமித்தட்டில இருந்த திருநீறை எடுத்துத் தூவினார். வெறும் கீறலெண்டால் திருநீறு வெள்ளையாவே இருக்கும். வெடிப்பெண்டால் உள்ளுக்க போன எண்ணெய் திரும்பக் கசிஞ்சு வரும். நாங்கள் குந்தியிருந்து பாத்துக்கொண்டிருந்தம். வெள்ளையில மெல்ல மெல்ல ஒரு கறுத்தக் கோடு விழுந்தது. ரெண்டு அங்குலத்துக்கும் மேல.

“ஒரு தகடு வைச்சு ஒட்டுவம். காணும்” எண்டார் அப்பா. அவரிட்ட ஒரு பழைய வெல்டிங் பெட்டி இருக்கு. கேற்றும் மேசைக்காலும் ஒட்டுறவர்.

நான் ஏலாது எண்டன். பிழைக்கிற ஒரு வாகனம் எண்டதுக்காக மட்டுமில்லை. வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்கு எங்கட ஒழுங்கைச் சின்னனுகள் எல்லாம் ஏறிப் போறது அந்தப் பெட்டியிலதான். அது சட்டப்படி சரியில்லை எண்டும் எனக்குத் தெரியும், ஆனா ஏறினவை, ஏறுவினம். “வளைவில உது முறிஞ்சா?” எண்டு கேட்டன். “எத்தினையைச் சமாளிச்சனாங்கள்” எண்டார்.

இந்தச் சொல்லில எங்கட வீட்டுக்கு ஒரு பெருமை இருக்கு. 1990 இல துவங்கின பொருளாதாரத் தடைக்குள்ள எரிபொருள், பற்றரி, சீமெந்து, பசளை ஒண்டும் ஒழுங்கா வராத காலம். ஒரு மூடி பெற்றோலில ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில வாகனம் ஓட்டின கதைகள் கேட்டுத்தான் நாங்கள் வளந்தம். 2002 இல ஏ9 திறந்து, 2006 ஓகஸ்டில திரும்பப் பூட்டுப்பட்டது. எங்களைப் போல பிள்ளையள் இதுகளை எழுதேக்க “எங்கட சனம் ஒண்டுமில்லாமலே எல்லாம் செய்தது” எண்டு முடிக்கிறம். நானும் அப்பிடி எழுதியிருக்கிறன்.

அந்த வரிசையில எங்கட வீட்டுக் கதை, 2009 இல அப்பாவின் பழைய பிக்கப்பின் வில்லுத்தகடு முறிஞ்ச கதை. உடையார்கட்டில முறிஞ்சது. அப்பா பாலைத்தடி வைச்சுக் கயிறால வரிஞ்சு கட்டி, வீட்டுக் கூரைத் தகரம், தறப்பாள், அப்பாச்சி, நாங்கள் எல்லாரையும் இரணைப்பாலை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர். எனக்கு அப்ப எட்டு வயசு. கலியாண வீடுகளிலகூட அவர் சொல்லிச் சிரிக்கிற கதை அது.

அண்டைக்கு முத்தத்தில, அவர் அதுவரைக்கும் சொல்லாத மிச்சத்தைச் சொன்னார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண்ணாடியில அப்பாச்சி இருக்கிறாவோ எண்டு பாத்தாராம். கயிறு அறுந்தா முதல் விழுறது அவ எண்டு தெரியுமாம். தெரிஞ்சுகொண்டுதான் ஓட்டினாராம். “நிப்பாட்ட ஏலாதே” எண்டார். அந்தப் பிக்கப்பை மாத்தளனில விட்டிட்டுத்தான் ஏப்ரலில நாங்கள் தண்ணிக்குள்ளால நடந்து வந்தது.

கொஞ்சநேரம் ஒருத்தரும் கதைக்கேல்ல. பிறகு, “கிளிநொச்சியில ஆர் செசி வேலை வடிவாச் செய்யிறது?” எண்டு என்னட்டக் கேட்டார்.

இடிச்ச தம்பி திரும்பவும் வந்தான். பலகை போட்டு, பட்டாவை உழவு இயந்திரப் பெட்டியில ஏத்திக் கொண்டுபோனம். கராச்சில இருந்த அண்ணை வெடிப்பைப் பாத்திட்டு முதல் கேட்டது, “எவ்வளவு ஏத்துறனீங்கள் ஐயா?” அப்பா முகத்தைத் திருப்பினார். அந்த வண்டி தாங்கிறது முக்கால் தொன் அளவு. அப்பா ஐஸோட ஒரு தொன்னுக்கு மேல ஏத்துவார். வெடிச்சது இடியால இல்லை, வருசக்கணக்கான பாரத்தால எண்டார் அண்ணை.

அவர் முதல் வெடிப்பின் ரெண்டு நுனியிலயும் சின்ன ஓட்டை போட்டார். அப்பத்தான் வெடிப்பு அங்கால ஓடாதாம். பிறகு வெடிப்பைக் கீறி அகலமாக்கி ஒட்டி, மேல தகடு வைச்சார். தகட்டின் ஓரத்தை நேரா வெட்டாமச் சரிவா வெட்டினார். நேரா வெட்டினா பாரம் முழுக்க ஒரே கோட்டில விழுந்து, தகடு முடியிற இடத்தில திரும்ப வெடிக்கும். அப்பா பக்கத்தில நிண்டு கவனமாப் பாத்துக்கொண்டிருந்தார். திரும்பி வரேக்க, “நான் நேராத்தான் வெட்டியிருப்பன்” எண்டார். அவ்வளவுதான் சொன்னவர்.

எனக்கு அதுக்குப் பிறகுதான் ஒண்டு பிடிபட்டது. சமாளிக்கிறதும் திருத்துறதும் ஒண்டில்லை. சமாளிக்கிறது வேற வழி இல்லாதவன் செய்யிறது. அப்பாவின் தலைமுறை அதில கெட்டி, அந்தக் கெட்டித்தனம்தான் எங்களை உயிரோட கொண்டு வந்தது. ஆனா அது அவை விரும்பி எடுத்த குணமில்லை, அவையின் தலையில ஏத்தின பாரம். அதை எங்கட மண்ணின் பெருமை எண்டு நாங்கள் திரும்பத் திரும்ப எழுதினா, இண்டைக்கும் சமாளியுங்கோ எண்டு சொல்லுறவைக்கு அது வசதியாப் போயிடும். வீட்டில ஏலுமானதை வீட்டில செய்யலாம். ஏலாததுக்கு ஒழுங்கான கை, ஒழுங்கான சாமான், ஒழுங்கான நேரம் கேக்கிற உரிமை எங்களுக்கு இருக்கு.

புதுப் பெட்டியைப் பூட்டினது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடிப்பக்கத்துக்கு ரெண்டு தரம் கறள் பிடிக்காத சிவப்புப் பெயின்ற் அடிச்சம். செசிக்கும் பெட்டிக்கும் நடுவில பழைய ரயர் றப்பரை வெட்டி வைச்சம். வந்த பெட்டி நீலம், எங்கட வண்டி வெள்ளை. பதிவுப் புத்தகத்தில இருக்கிற நிறத்துக்கே மாத்தி அடிச்சது. நூல் கட்டின வயர்கள் எல்லாம் படத்தில இருந்தபடி இடத்துக்குப் போய்ச்சுது. தளத்தில இப்ப விரிப்பு இல்லை, இடைவெளி விட்டு அடிச்ச மரச்சட்டம்தான். தண்ணி வடியும், காத்துப் போகும். ஒவ்வொரு நாளும் மீன் இறக்கின உடன நல்லதண்ணியால கழுவோணும். அது தம்பியின் வேலை, அவன் ரெண்டு நாளைக்கு ஒருக்கா மறப்பான்.

பழைய பெட்டியைப் பழைய இரும்புக்காரர் கேட்டு வந்தவர். அம்மா குடுக்கேல்ல. கவிட்டு வைச்சுக் கோழி அடைக்கிறா.

அப்பா இப்ப முக்கால் தொன்னுக்கு மேல ஏத்திறதில்லை. மீன் கூடப் பட்ட நாளில ரெண்டு தரம் போறார். டீசல் காசு கூடுது எண்டு அம்மா பேசுறா. அப்பா ஒண்டும் சொல்லாம அடுத்த நடைக்கு வெளிக்கிடுறார்.