ரம்பொடை வளைவில் வாங்கிய பூ

நுவரெலியாவிலிருந்து பஸ்ஸில் கம்பளைக்கு இறங்கியவர்களுக்கு ரம்பொடை வளைவுகள் மறக்காது. ஒரு வளைவில் சிறுவன் பூங்கொத்தை நீட்டுவான். வாங்காமல் போனால், தேயிலைச் சரிவில் குறுக்கே ஓடி, அடுத்த வளைவில் மூச்சிரைக்க நிற்பான். அதற்கடுத்த வளைவிலும் அவனே!

நுவரெலியாவில் நான் ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், கம்பளையில் உம்மா படுக்கையில் இருந்தார். ஹட்டனில் பிறந்து வளர்ந்தவர். மலைப்பூக்களைக் காண ஆசைப்பட்டார். பந்து பந்தாய்ப் பூக்கும் நீல ஹைட்ரேஞ்சியாவை அந்தச் சிறுவனிடம் வாங்கி மடியில் வைத்துக் கொண்டு போனேன். வீடு சேர்ந்தபோது எல்லாம் தலை தொங்கிவிட்டன. "பாவம் மகன், அந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் ஓடியிருக்கும்!" என்றார் உம்மா. எனக்கு வெட்கமாய்ப் போயிற்று.

மறுவாரம், கொழுந்து பறிக்கும் ஒரு தாயிடம் இதைச் சொன்னேன். லயத்து வாசலில் பூ வளர்ப்பவர். "வெயிலேறி வெட்டினா நிக்காதுங்க ஐயா. விடியக் காத்தால வெட்டி, கழுத்து மட்டும் தண்ணியில வச்சிடணும்" என்றார். மலைக் குளிரில் வளர்ந்த பூ, கீழே வெப்பத்தில் குடிக்கும் நீரைவிட அதிகமாக இழந்துவிடுகிறது. காம்பின் வெட்டு வாய் காய்ந்து காற்றும் புகுந்தால் நீர் ஏறாது.

ஆகவே அடுத்த முறை ஈரத்துணியால் காம்புகளைச் சுற்றி, மேலே பொலித்தீன் பை கட்டிக் கொண்டு போனேன். வீட்டில் காம்பின் நுனியைத் தண்ணீருக்குள் வைத்தே ஓர் அங்குலம் சரிவாக வெட்டினோம். நீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளினோம். அவை அழுகினால் கிருமி பெருகிக் காம்பை அடைத்துவிடும். ஒரு லீட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி சீனி, கொஞ்சம் தேசிக்காய்ச் சாறு. இரண்டு நாளுக்கொரு முறை நீரை மாற்றி, காம்பையும் சிறிது வெட்ட வேண்டும். பூச்சாடிக்குப் பக்கத்தில் பழுத்த வாழைப்பழச் சீப்பை வைக்காதீர்கள். பழம் விடும் எத்திலீன் வாயு பல பூக்களைச் சீக்கிரம் வாட்டிவிடும். (நம் வீடுகளில் இரண்டும் ஒரே மேசையில்தான் இருக்கும்!)

ஹைட்ரேஞ்சியாவுக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை உண்டு. அது இதழ்களாலும் நீர் குடிக்கும். வாடினால் தலையோடு அரை மணி நேரம் குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள், பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். அதன் நீலமும் மண் தந்ததுதான். தேயிலை விரும்பும் அதே புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து செடியில் ஏறுவதால் நீலம் வருகிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாய்ப் பூக்கும்.

இந்த முறை ஆறு நாள் நின்றது. ஏழாம் நாள் உதிர்ந்த இதழ்களை உம்மா எறிய விடவில்லை. தலையணை ஓரத்தில் வைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ளையிட்ட இன்னொரு கொத்து வாங்கி வா மகன், விலை பேசாதே" என்றார்.