இயல்பு மதிப்பு: இல்லை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்

எங்கள் குடும்பத்தில் பட்டப் படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். தென்காசிப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. பீடி சுற்றாத வீடு அங்கே குறைவு. என் தாயாரும் சுளகை மடியில் வைத்துக்கொண்டு, இலை வெட்டி, தூள் வைத்துச் சுற்றித்தான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். விண்ணப்பங்களில் ‘தாயின் கல்வி’ என்ற இடம் வரும்போதெல்லாம் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவது என் வழக்கம். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான்.

முதலாம் ஆண்டில் செய்முறை வகுப்பில் மைக்ரோசாப்ட் ஆக்சஸ் எங்களுக்குப் பாடமாக வந்தது. விவரங்களை அட்டவணையாகச் சேர்த்து வைக்கும் மென்பொருள் அது. 1992-ஆம் ஆண்டு வெளிவந்தது. எங்கள் வகுப்பில் எவரும் அன்று பிறந்திருக்கவில்லை! அதில் அட்டவணை, படிவம், படிவத்திலுள்ள பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் தலைப்பு, எல்லாமே தனித்தனிப் பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் பண்புகள் உண்டு. படிவத்தை வடிவமைக்கும்போது எஃப்4 விசையை அழுத்தினால் அந்தப் பண்புகளின் பட்டியல் பக்கத்திலேயே விரியும். மனிதர்களுக்கும் இப்படி ஒரு விசை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோழியரிடம் சொல்லிச் சிரித்தேன்.

சென்ற ஆண்டு எங்கள் ஊரில் பட்டதாரி அண்ணன்மார் சிலர் சேர்ந்து மாலை நேர இலவச வகுப்பு தொடங்கினார்கள். 86 பிள்ளைகள் சேர்ந்தார்கள்; அவர்களுள் என் தம்பியும் ஒருவன். யாரோ கொடுத்த பழைய கணிப்பொறி ஒன்று அங்கே இருந்தது. “நீ கம்ப்யூட்டர்தானம்மா படிக்க? பிள்ளைகள் விவரத்தை எல்லாம் ஏத்திக் கொடேன்” என்றார் ஓர் அண்ணன். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிரவே வேலையைத் தொடங்கிவிட்டேன்.

முதல் தடங்கல் முத்துலட்சுமி என்ற பெயரில் வந்தது. பெயருக்குப் பத்து எழுத்துப் போதும் என்று எண்ணி, ‘ஃபீல்டு சைஸ்’ என்ற பண்பில் 10 என்று இட்டிருந்தேன். தமிழாசிரியர் கணக்கில் அந்தப் பெயர் ஏழெழுத்துத்தான். கணிப்பொறியோ புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணுகிறது. அதன் கணக்கில் பதின்மூன்று. பாதிப் பெயரோடு தட்டச்சு நின்றுவிட்டது. அளவை 50 ஆக்கிய பிறகுதான் முத்துலட்சுமி முழுமையாக உள்ளே வந்தாள்.

அடுத்தது தாயின் கல்வி. இந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்று ‘ரெக்கொயர்டு’ என்ற பண்பில் ‘ஆம்’ என்று வைத்தேன். ஆனால் பிள்ளைகள் எழுதித் தந்த தாள்களில் பெரும்பாலானவற்றில் அந்த வரி வெறுமையாகவே இருந்தது. காலியாக விட்டால் பதிவு சேமிக்கப்படாது. என்ன செய்வது? ‘டீஃபால்ட் வேல்யூ’, அதாவது இயல்பு மதிப்பு என்றொரு பண்பு இருக்கிறதே! அதில் ‘இல்லை’ என்று எழுதினேன். அட்டவணையிலும் எழுதினேன், படிவத்தின் பெட்டியிலும் எழுதினேன். அதன் பிறகு வேலை வேகமாக ஓடியது. புதிய பதிவைத் திறந்தவுடனே அந்த இடத்தில் ‘இல்லை’ தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு இரவுகளில் 86 பேரையும் முடித்துவிட்டேன்.

ஆண்டு விழாவன்று பட்டியலை அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்கள். தம்பியை அழைத்துப் போக வந்த அம்மா அதன் முன்னே வெகுநேரம் நின்றிருந்தார்கள். விரலை வைத்து வரிவரியாக நகர்த்திக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். தம்பியின் பெயரைத் தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரவு, சுளகிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்கள்: “ஏட்டி, நான் அஞ்சாப்பு வரைக்கும் படிச்சிருக்கேம்லா? அதுல இல்லைன்னு போட்டிருக்கு.”

“நீ சொல்லவே இல்லியேம்மா?”

“நீ கேக்கவே இல்லியே.”

வேறொன்றும் சொல்லவில்லை. படிப்பே இல்லை என்று நான் எழுதியதை, அம்மா தாமே படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்! பீடிக் கடைப் பாஸ் புத்தகத்தை வாரந்தோறும் விளக்கடியில் வைத்துப் பார்ப்பார்களே, அதை எத்தனை ஆண்டுகளாக நானும் பார்த்திருக்கிறேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே கணிப்பொறி முன் உட்கார்ந்தேன். அட்டவணையின் வடிவமைப்பைத் திறந்து, கீழ்ப்பாதியில் தெரிந்த இயல்பு மதிப்பை அழித்தேன். புதிய பதிவைத் திறந்தால் மறுபடியும் ‘இல்லை’ வந்து நிற்கிறது! படிவத்தில் நான் இட்டது நினைவுக்கு வந்தது. பெட்டியில் இட்ட மதிப்பு அட்டவணையின் மதிப்பை மீறிவிடும். சரி, அதை எடுப்போம் என்று எஃப்4 அழுத்தினால் அந்தப் பண்பையே காணோம். அரை மணி நேரம் தேடிய பிறகுதான், நான் தேர்ந்தெடுத்திருந்தது பெட்டியை அன்று, பக்கத்திலிருந்த தலைப்பை என்பது தெரிந்தது. தலைப்புக்கு ஏது இயல்பு மதிப்பு? பெட்டியைத் தொட்டு, ‘டேட்டா’ என்ற பிரிவில் பார்த்து அதை அழித்தேன். ‘ரெக்கொயர்டு’ என்பதையும் ‘இல்லை’ ஆக்கினேன். இந்த ஒரு ‘இல்லை’ மட்டும் நியாயமானது. காலியிடம் என்றால் இன்னும் தெரியவில்லை என்றுதானே பொருள்.

ஆனால் இயல்பு மதிப்பை மாற்றினால் இனி வரும் பதிவுகள்தாம் மாறும்; முன்பே எழுதப்பட்டவை அப்படியே இருக்கும். ‘இல்லை’ என்றிருந்தவை 63. அவர்களை எந்த விசையும் திருத்தித் தராது. தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் வீடு வீடாகப் போனேன். மூன்றாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் தவறியவர், முதியோர் பள்ளியில் கையெழுத்துக் கற்றவர் என்று விடைகள் வந்தன. “எதுக்கும்மா கேக்க?” என்று சிரித்துவிட்டு, பின் உள்ளே போய்ப் பழைய மாற்றுச் சான்றிதழை எடுத்துவந்து காட்டிய அக்காவும் உண்டு. உண்மையிலேயே ‘இல்லை’ என்றவர்கள் 19 பேர்.

கடைசியாக எங்கள் வீட்டுப் பதிவு. அம்மாவை வகுப்புக்கு அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பட்டியலை விரித்து ஐந்தாம் வகுப்பைத் தேர்ந்தெடுக்கப் போனேன்.

“ஆறாப்புல மூணு மாசம் போனேன். அப்புறம்தான் தாத்தா நிறுத்திட்டாரு. அதை எங்க போடுவ?” என்று கேட்டார்கள்.

அப்படியே தட்டச்சு செய்தேன். பட்டியலில் இல்லாததை ஏற்க முடியாது என்று ஆக்சஸ் மறுத்துவிட்டது. ‘லிமிட் டு லிஸ்ட்’ என்ற பண்பை நான்தான் ‘ஆம்’ என்று வைத்திருந்தேன். படிவத்தை வடிவமைப்பில் திறந்து அதை ‘இல்லை’ ஆக்கினேன். புலத்தின் அளவையும் கூட்டினேன். அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ‘ஆறாம் வகுப்பில் மூன்று மாதம்’ என்று மறுபடியும் தட்டச்சு செய்து சேமித்தேன்.