அளவு ரவிக்கை

கும்மிடிப்பூண்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்து மூன்று வருஷமாகிறது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த ‘டூர்’ என்றால் சிறுவாபுரி முருகன் கோவில், பழவேற்காடு ஏரி, வருஷத்துக்கொரு தடவை திருப்பதி, அவ்வளவுதான். இவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. இவர் வீட்டிலிருக்கும் நாளில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். பிள்ளைகளுக்கு லீவு விட்டால் இவருக்கு ஓவர் டைம். இப்படியே காலம் ஓடிவிட்டது.

பையனுக்கு ப்ளஸ் டூ பரீட்சை முடிகிற சமயம் பார்த்து நான் கட்டி வந்த சீட்டும் முடிந்தது. “இந்தப் பணத்தில் நகை வேண்டாம், மிக்ஸி வேண்டாம். மே மாதம் எல்லோருமாகக் கடல் தாண்டி ஒரு தீவைப் பார்த்துவிட்டு வரலாம்” என்று நான் சொன்னதும் வீடே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது!

பெண்ணுக்கு மாலத்தீவு மேல் ஆசை. ஆயிரத்துக்கு மேற்பட்ட தீவுகள், நீல நீலமாய்க் கடல் என்று போனில் படம் காட்டினாள். அங்கே ஓர் இரவு தங்கும் கட்டணத்தைக் கேட்டு இவர் மௌனமாகிவிட்டார். பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தது என் மாமியார்தான். அவர் எங்கே போனாலும் கைப்பையில் சின்ன முருகன் விக்கிரகம் இருக்கும். வழிபாட்டுக்குரிய சிலைகளை மாலத்தீவுக்குள் கொண்டு போக அனுமதி இல்லை என்று பையன் படித்துச் சொன்னதும், “முருகன் வராத ஊருக்கு நானும் வரலை” என்று சொல்லிவிட்டார். ஆக, இலங்கை என்று முடிவாயிற்று. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாதாம். எங்கள் ஊரிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் போகிற நேரம்தான்!

அடுத்தது பாஸ்போர்ட். ஆளுக்கு 1,500 ரூபாய் கட்டணம். பணம் பெரிதில்லை, பெயரில்தான் தகராறு. பாஸ்போர்ட்டில் வெறும் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். எனக்கு ரேஷன் கார்டில் ஓர் எழுத்து, ஆதாரில் ஓர் எழுத்து, பள்ளி சர்டிபிகேட்டில் வேறோர் எழுத்து. அதைச் சரி செய்ய நான்கு தடவை அலைந்தேன். போலீஸ் விசாரணைக்கு ஆள் வருவார் என்று இரண்டு நாள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இந்த அலுப்பையெல்லாம் ஒருவரிடம் கொட்ட வேண்டுமே! எனக்கு ரவிக்கை தைக்கும் பெண்ணிடம் கொட்டினேன்.

எங்கள் ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. ‘அகதிகள் முகாம்’ என்றிருந்ததை 2021-ல் தமிழக அரசு ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. அந்தப் பெண் இருப்பது அங்கேதான். பத்து வருஷமாக என் துணியெல்லாம் அவள் கையில்தான். கை சுருக்கம் பிடிக்காது, கழுத்து இறங்காது, அப்படியொரு தையல். அவள் ஊர் திருகோணமலை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பாருங்கள், அவள் முன்னால் உட்கார்ந்து, “ஒரு எழுத்துக்காக நாலு தடவை அலைய விட்டாங்கம்மா, இலங்கைக்குப் போறது அவ்வளவு கஷ்டமா இருக்கு” என்று நீட்டி முழக்கியிருக்கிறேன்!

அவள் மெஷினை நிறுத்தவில்லை. “எந்த மாசம் போறீங்க அக்கா?” என்றாள். மே என்றேன். “கொழும்பு, கண்டிப் பக்கம் மே கடைசியில மழை தொடங்கிடும். எங்கட பக்கம் அப்படியில்ல. மார்கழி மழைதான் எங்களுக்கு. மே மாசம் கடல் குளம் மாதிரிக் கிடக்கும்” என்றாள். நாங்கள் போட்ட திட்டத்தில் கொழும்பும் கண்டியும் நுவரெலியாவும்தான் இருந்தன. திருகோணமலை இல்லை. அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

பிறகு அவளே சொன்னாள். 1990-ல் சண்டை மறுபடி மூண்டபோது அவளுக்கு வயது எட்டு. அம்மா, அப்பாவோடு காட்டு வழியாக மன்னார் வந்து, இரவில் படகேறி ராமேஸ்வரம், பிறகு மண்டபம், அப்புறம் இங்கே. கல்யாணமாகியிருந்த அக்கா மட்டும் அங்கேயே நின்றுவிட்டாள். இன்றுவரை நேரில் பார்க்கவில்லை. போனில் முகம் பார்த்துப் பேசுகிறார்களாம்.

“நீயும் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரலாமேம்மா?” என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

“நாங்க போறதுன்னா எழுதிக் குடுத்திட்டு ஒரேயடியாப் போறதுதான் அக்கா. பார்த்திட்டு வாறதுன்னு கிடையாது. பிள்ளைகள் இங்க பிறந்து இங்க படிக்குதுகள். நான் எங்க போக?”

ஓர் எழுத்துக்கு அலைந்த கதையை இவளிடமா சொன்னோம் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

புறப்படும்போது தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். “திருகோணமலைப் பக்கம் போனீங்கன்னா, அக்காவோட பழைய ரவிக்கை ஒண்ணு வாங்கிட்டு வாங்கக்கா. அளவுக்கு. ஊருக்கெல்லாம் தைக்கிறேன், அவளுக்கு ஒண்ணு தைச்சதில்ல. போன்ல முகம் தெரியுது, அளவு தெரியலையே.”

அன்றிரவு திட்டத்தை மாற்ற வேண்டும் என்றேன். வீட்டில் சண்டை! நுவரெலியாவின் குளிரும் தேயிலைத் தோட்டமும் வேண்டும் என்று பெண் அழுதாள். “போறது அஞ்சு நாள். இதில் மத்தவங்க வேலையையும் தூக்கிக்கிட்டு அலையணுமா?” என்றார் இவர். அவர் சொன்னதிலும் தப்பில்லை. இருபது வருஷத்துக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த முதல் லீவு. நான் பதில் பேசவில்லை. மாமியார்தான், “திருக்கோணமலை சம்பந்தர் பாடின தலம். அதைப் பார்க்காம தேயிலைச் செடியைப் பார்த்துட்டு வரச் சொல்றியா? குளிர் வேணும்னா ஊட்டிக்குப் போகலாம்” என்றார். தீர்ப்பு ஆயிற்று.

இப்போதைய திட்டம் இதுதான். கொழும்பில் இறங்கி, கண்டியில் ஓர் இரவு. அங்கிருந்து தம்புள்ளை வழியாகத் திருகோணமலை. வழியில்தான் சிகிரியா குன்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளாம், அதனால் பிள்ளைகள் ஏற, நானும் மாமியாரும் கீழே. திருகோணமலையில் இரண்டு இரவு. கடலை ஒட்டிய பாறை மேல் கோணேஸ்வரம், ஏழு கிணறுகளிலும் வேறு வேறு சூட்டில் தண்ணீர் இருக்கும் கன்னியா வெந்நீர் ஊற்று, இரண்டும் உண்டு. நடுவில் ஒரு மாலைப் பொழுது அந்த அக்கா வீட்டுக்கு.

இதேபோல் கிளம்ப நினைக்கும் சகோதரிகளுக்கு நான் தெரிந்து கொண்டதைச் சொல்கிறேன். இலங்கை விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன; டிக்கெட் எடுக்குமுன் அரசாங்க இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். யாழ்ப்பாணம் மட்டும் போதும் என்பவர்கள் கொழும்பு சுற்ற வேண்டியதில்லை. பலாலி விமான நிலையம் 2019-ல் திறந்து, சென்னையிலிருந்து நேராக விமானம் விட்டார்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-ல் கப்பலும் விட்டார்கள். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கப்பல் நின்றுவிடும், விசாரித்துக் கொள்ளுங்கள்.

பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையிலேயே வையுங்கள். பெட்டியில் போட்டால் பெட்டி தவறினால் மாத்திரையும் போச்சு! மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் இலங்கைக்குச் சான்றிதழ் தந்தது. ஆனால் டெங்கு உண்டு. முழுக்கை உடையும் கொசு மருந்தும் அவசியம். காய்ச்சி ஆறிய தண்ணீர், நாலைந்து உப்புச் சர்க்கரைப் பொட்டலம் மறக்க வேண்டாம்.

நேற்று அவளிடம் போய், “உங்க ஊருக்குப் போறோம்மா” என்று சொன்னேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு துண்டுத் தாள் கொண்டு வந்தாள். அக்கா வீட்டு விலாசம், போன் நம்பர். கூடவே பழைய அளவு டேப் ஒன்று. “ரவிக்கை தர வெட்கப்பட்டாள்னா, நீங்களே அளந்திட்டு வந்திடுங்க அக்கா. தோள், மார்பு, கை. மறக்காம எழுதுங்க” என்றாள்.

பெட்டியில் முதலில் வைத்தது அந்த டேப்பைத்தான். இனிமேல்தான் புடவை, மாத்திரை, மாமியாரின் முருகன் எல்லாம்.