லேத்துக்கு ஒரு ஸ்டாப்பர்

ஸ்பின்னிங் மில்லும் விசைத்தறியும் ஓடுகிற ராஜபாளையம் வட்டாரத்தில் லேத் பட்டறைக்கு வேலை ஓயாது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் இங்கே நூற்பாலைத் தொழிலுக்கு அடித்தளம் போட்டது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். தேய்ந்த புஷ்ஷும் வளைந்த ஷாஃப்டும் ஏதோ ஒரு பட்டறையின் லேத்தில் ஏறி இறங்கினால்தான் இயந்திரம் மறுபடி ஓடும்.

அந்தக் கைவேலையை அருகிலிருந்து பார்க்க, ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலைக்குப் போனேன். குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்டிருப்பதால் தென் திருப்பதி என்று பெயர் பெற்ற இடம். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர், வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, பழைய லேத் ஒன்றை ஓட்டி வருகிறார். அன்று அவர் அந்த லேத்துக்கே ஒரு ஸ்டாப்பர் செய்துகொண்டிருந்தார்.

டூலைச் சுமந்துகொண்டு, லேத்தின் நீண்ட படுகையான பெட்டின் மேல் நகரும் பகுதிதான் கேரேஜ். அது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால்தான், கடைகிற ஒவ்வொரு உருப்படியிலும் படி ஒரே நீளத்தில் விழும்.

“டயலைப் பாத்துப் பாத்து ஓட்டுனா பத்து உருப்படி சரியா வரும் தம்பி. அம்பதாவதுக்குக் கண்ணு சோந்துபோகும். இது முட்டி நிப்பாட்டிரும்” என்றார்.

கைக்கு அடக்கமான இரும்புக் கட்டை. அதன் அடியில் பெட்டின் ‘வி’ மேட்டுக்கு ஏற்ற பள்ளம். பெட்டில் நீல மசியை மெல்லப் பூசி, கட்டையை வைத்து அசைத்து எடுத்தார். மசி ஒட்டிய மேடுகளை மட்டும் அரத்தால் ராவினார். மறுபடி வைத்துப் பார்த்தார். இரண்டு சரிவிலும் நீலம் பரவலாக விழும்வரை விடவில்லை. ‘வி’யின் உச்சி மட்டும் கட்டையில் படக் கூடாது; பட்டால் கட்டை ஆடும். கீழிருந்து ஒரு பட்டையும் போல்ட்டும் அதைப் பெட்டோடு பிடிக்கின்றன.

கட்டைக்குக் குறுக்கே, ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் நகரும் ஸ்குரூ. அதன் தலையிலுள்ள வளையத்தில் 50 கோடுகள். ஒரு கோட்டுக்கு 0.02 மில்லிமீட்டர். வட்டத்தைச் சமமாகப் பிரிக்கும் டிவைடிங் ஹெட் இல்லாமல் அந்தக் கோடுகளைப் போட்ட விதம்தான் என்னை அசத்தியது. வளையத்தை லேத்தில் பிடித்து, அதைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பின்முனையில் 50 பல் கியர் ஒன்றை மாட்டினார். பல்லிடுக்கில் ஒரு தகட்டைச் சொருகி, ஸ்பிண்டில் சுற்றாமல் நிறுத்தினார். கூர்முனை டூலைக் கேரேஜோடு தள்ளி ஒரு கோடு. பிறகு ஒரு பல் திருப்பி அடுத்த கோடு. கேரேஜை முட்டி நிறுத்தியது இதே ஸ்டாப்பர்தான். ஐந்தாம் கோடும் பத்தாம் கோடும் நீளமாக விழ வேண்டும் அல்லவா? மற்ற கோடுகளுக்கு மட்டும், முட்டுமிடத்தில் ஒரு தகட்டை வைத்துக் குட்டையாக்கினார்.

முடிந்ததும் டயல் கேஜ் வைத்துக் கேரேஜைத் திரும்பத் திரும்ப முட்டவிட்டார். முள் ஒரே கோட்டில் வந்து நின்றது. பிறகு வேண்டுமென்றே ஒரு சிறு இரும்புச் சீவலை இடையில் வைத்தார். முள் விலகிவிட்டது. “முட்டுற இடத்தைத் தொடைக்காம ஓட்டுறவனுக்கு இது எதுக்கு?” என்றார். ஸ்குரூவை நகராமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்கும்போதும் ஸ்குரூ துளி நகரும் என்பதால், இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளந்தார்.

இந்தத் துல்லியத் தேடல் புதிதல்ல. 1800 வாக்கில் இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லி, டூலைக் கையிலிருந்து எடுத்து இயந்திரத்தின் பிடியில் வைத்து, ஸ்குரூ வெட்டும் லேத்துக்கு உருவம் கொடுத்தார். நம் நாட்டில் 1941-ல் ஹரிஹரில் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கரும், 1953-ல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி.யும் லேத் செய்து கொடுத்தன. அப்படி வந்த இயந்திரங்கள் பழசான பிறகும் துல்லியம் குறையாமல் உழைக்கின்றன என்றால், அதற்குக் காரணம் இப்படிப்பட்ட கைகள். இந்த அறிவை நாம் எங்கும் எழுதி வைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் டர்னர் வேலை பழகும் பிள்ளைகளுக்கு இந்த ஸ்டாப்பர் செய்வதையே ஒரு பயிற்சியாகக் கொடுக்கலாம். ராவுதல், துளையிடுதல், மரை வெட்டுதல், கோடு பிரித்தல், அளத்தல் எல்லாம் ஒரே வேலையில் அடங்கிவிடுகின்றன. செய்கிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். கேரேஜை இயந்திரமே நகர்த்தும் பவர் ஃபீடை இந்த ஸ்டாப்பர் தானாக விடுவிக்காது. முட்டுவதற்குச் சற்று முன்பே ஃபீடை எடுத்துவிட்டு, கடைசி ஒரு மில்லிமீட்டரைக் கையால் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் கியர் பல் போய்விடும்.