தலையில் ஆண் பூ, இடுப்பில் பெண் பூ

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில், மேற்கே மலை கூடவே வருகிறது. அடிவாரம் முழுக்கத் தென்னையும் மாவும். கிழக்கே இறங்கினால் கரிசல். புரட்டாசிக் கடைசியில் மழையை நம்பி விதைத்த மக்காச்சோளம், கார்த்திகையில் ஆள் உயரத்துக்கு நின்று பூக்கிறது.

அப்படியொரு காட்டில் வரப்போரம் நின்ற இளைஞர், பக்கத்துக் காட்டுப் பெரியவரைக் கூப்பிடுகிறார். "அண்ணாச்சி, தலைப் பூவுல மணி பிடிச்சிருக்கு. கள்ள விதையக் குடுத்துட்டாங்களா?"

பெரியவர் குனிந்து தூரைப் பார்க்கிறார். "இது பக்கத்தூர்ல வெடிச்சது தம்பி. தாய்த்தண்டப் பாருங்க, சுத்தமா இருக்கு. பயப்படாதீங்க."

அவர் சொன்னது சரிதான். மக்காச்சோளத்தில் உச்சியில் இருப்பது ஆண் பூ. இடுப்பில் நூல் விட்டு நிற்கும் கருதுதான் பெண் பூ. ஆனால் இளம் மொட்டில் ஒவ்வொரு பூவிலும் இரண்டு உறுப்புகளும் சேர்ந்தே தோன்றுகின்றன. பிறகு உச்சியில் பெண் உறுப்பு அழிகிறது. கருதில் ஆண் உறுப்பு வளராமல் நின்றுவிடுகிறது. உச்சியில் பெண் உறுப்பை அழிக்கும் வேலைக்கு 'டாசல்சீடு 2' என்ற மரபணு தேவை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993-ல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அந்த மரபணு பழுதான செடியில், தாய்த்தண்டின் உச்சியிலேயே மணி பிடிக்கும். அது பரம்பரைக் குணம். பக்கத்தூரில் மட்டும் மணி பிடிப்பது பெரும்பாலும் தட்பவெப்பத்தால் வருவது. விதையின் குற்றம் அல்ல.

உச்சிப் பூ இலை இலையாக மாறினால்தான் கவலைப்பட வேண்டும். கூடவே இலையில் வெளிறிய கோடுகளும், காலையில் இலையின் அடியில் வெள்ளைப் பூசணமும் தெரிந்தால் அது அடிச்சாம்பல் நோய். அந்தச் செடியை உடனே பிடுங்கி அழிக்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பருத்திக்கு ஒரே பூவில் ஆணும் பெண்ணும். கையால் ஒட்டு விதை எடுக்க, முந்தின நாள் மாலையே ஒவ்வொரு மொட்டிலும் மகரந்தப் பைகளை நீக்கி, மறுநாள் காலை வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். மக்காச்சோளத்தில் அந்தப் பாடு இல்லை. பெண் வரிசைச் செடிகளில், மகரந்தம் கொட்டும் முன்பே உச்சிப் பூவை உருவிவிட்டால் போதும்.

அந்தக் கூலியையும் மிச்சப்படுத்த, மகரந்தமே தராத தாய்ச்செடிகளை அமெரிக்காவில் பரவலாகப் பயன்படுத்தினார்கள். பெரும்பாலான வயல்களில் ஒரே தாய்வழிக் குணம். 1970-ல் அந்தக் குணத்தையே குறிவைத்து இலைக்கருகல் வந்து, நாட்டின் மக்காச்சோள விளைச்சலில் சுமார் 15 சதவிகிதத்தைக் கொண்டுபோனது.

நம் காட்டுக்கு இதில் பாடம் உண்டு. ஒட்டு ரகத்தில் விளைந்த மணியையே அடுத்த பட்டத்துக்கு விதையாக எடுத்து வைத்தால், செடிகள் ஒன்றுபோல் வராது, மகசூலும் குறையும். விதைக் காசை மிச்சம் பிடிக்கப் பார்த்து விளைச்சலை இழக்க வேண்டிவரும்.

இன்னொன்று, கருதின் ஒவ்வொரு நூலும் ஒரு மணிக்கு உரியது. ஆண் பூ மகரந்தம் கொட்டத் தொடங்கி ஓரிரு நாளில் நூல் வெளிவர வேண்டும். அந்த நேரம் மண் காய்ந்தால் நூல் தாமதிக்கும், மகரந்தம் தீர்ந்துபோகும், கருது பொக்கையாகும். கிணற்றில் ஒரே ஒரு தண்ணீருக்குத்தான் வழி என்றால், அதைப் பூக்கும் நாளுக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

பொழுது சாய்கிறது. இளைஞர் மோட்டார் கொட்டகையை நோக்கி நடக்கிறார். அவர் காட்டில் இப்போதுதான் நூல் எட்டிப் பார்க்கிறது.